பட்டாளத் தோட்டா

சேசு மரி சூசை

ஆனைக்கல் ஏலத்தோட்டம்,
போடிமெட்டு.
18-8-1957

பாசமுள்ள அண்ணனுக்கு மதலேன் எழுதிக்கொள்வது.

மலையில் மழை விடவேயில்லை. துணி காய்வதற்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் கொண்டுபோய்ப் போடுகிறேன். பிலோமி கன்னிமார் பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகிறாளா? தலைமுடியை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சிக்கு விழும். புஷ்பமேரி மதினிக்கு என் பிள்ளையால் எவ்வளவு தொந்தரவோ. நீங்கள் ஒரு கடிதம்கூடப் போடாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்களே, அதற்கு மேல் நான் என்ன கேட்க.

இப்போது எழுதுவது உங்கள் மாப்பிள்ளை சொல்லித்தான். தோட்டத்தை விட்டுப்போன வெள்ளைக்காரத் துரையின் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறதல்லவா, உள்ளங்கைக்குள் அடங்குமே, அந்த ரிவால்வர்தான். ஏலக்காய்த் திருடர்களுக்காகப் போடி முதலாளி லைசென்ஸ் மாற்றி இவருக்குக் கொடுத்துவிட்டார். அதோடு இருந்த தோட்டா தீர்ந்துபோனது. போடியில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு பெட்டித் தோட்டா கொடுத்திருக்கிறார். அளவு சரியாக இருக்கிறது, உள்ளே அழகாக உட்காருகிறது. "உங்க அண்ணன் ஆயுதப் பட்டறையில இருந்தவருதான, இதப் போட்டுச் சுடலாமான்னு கேட்டு எழுது" என்கிறார்.

பழைய தோட்டா எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். கடைசி ஒன்று போன வாரம் கருத்தப்பாண்டி வளர்த்த நாய்க்குப் போனது. கருத்தப்பாண்டி களை வெட்டுகிறவர், கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் தொழிலாளர் சங்கம் வைத்திருக்கிறார். நாய் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கையில் கொஞ்சம் வீக்கம், எழுத்து கோணலாக இருக்கும். படியில் வழுக்கிவிட்டது.

இப்படிக்கு, தங்கை
மதலேனம்மாள்

•

சுல்தான்பேட்டை,
பாலக்காடு.
25-8-1957

அன்புத் தங்கை மதலேனுக்கு அண்ணன் சூசையப்பன்.

பிலோமி நன்றாக இருக்கிறாள். அழுவதில்லை. மலையாளத்தில் மதினியோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

மாப்பிள்ளை கேட்டதற்கு வருகிறேன். அந்தத் தோட்டாவைப் போடக்கூடாது. இதை அப்படியே அவருக்கு வாசித்துக் காட்டு.

அளவு சரியாக இருப்பதுதான் இதில் ஆபத்து. அந்த ரிவால்வர் நம் அப்பா பிறப்பதற்கு முன்னால் செய்தது. அந்தக் காலத்தில் தோட்டாவுக்குள் கருமருந்துதான் இருக்கும். கருமருந்து எரிந்து குண்டை மெள்ளத் தள்ளும். பட்டாளத் தோட்டாவுக்குள் இருப்பது புகையில்லாத மருந்து. அது ஒரே அடியாக அடிக்கும். அந்த அடியைத் தாங்குகிற இரும்பு வேறு. உங்கள் ரிவால்வரில் தோட்டா உட்காரும் சிலிண்டரின் சுவர், பழைய தகரப் பெட்டி மூடியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. புதுத் தோட்டா தாங்கும் என்று சோதித்த துப்பாக்கியென்றால் குழாய்மேலும் சிலிண்டர்மேலும் என், பி என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்து பொறித்திருக்கும். பகலில் வெளிச்சத்தில் பார். இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் தூர எறியச் சொல்.

பெருமாட்டியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் நான் வேலை பார்க்கிற துப்பாக்கிக் கடைக்கு இதே மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். பன்றி சுடப் போனவர். சிலிண்டர் மேல்பக்கம் வாய் பிளந்து, மேலே போகிற இரும்புப் பட்டையே அறுந்துபோயிருந்தது. அவருடைய வலதுகையில் இரண்டு விரல் இல்லை. "ஏனுங்க, இதை ஒட்ட வெக்க முடியுங்களா" என்று கேட்டார். துப்பாக்கியைத்தான் கேட்டார்.

உன் வீட்டில் எத்தனை படி என்று எனக்குத் தெரியும், மதலேன். வாசலில் ஒரே ஒரு கல்தான் கிடக்கிறது. நிஜத்தை எழுது.

அண்ணன்
சூசையப்பன்

•

ஆனைக்கல் தோட்டம்
15-9-1957

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்ன எழுத்து எதுவும் துப்பாக்கியில் இல்லை. ஒரு சின்னக் கிரீடம் மட்டும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்க அண்ணன் கடையில வாங்கணும்னு சொல்லுதான். வேற ஒண்ணுமில்ல." பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போனார். அங்கே நிற்கிற பலாமரத்தைப் பார்த்து, பட்டாளத் தோட்டாவைப் போட்டு வரிசையாகச் சுட்டார். ஒன்றும் ஆகவில்லை. சத்தம்தான் முன்னைவிடப் பெரிது. மரத்திலிருந்து பால் வடிந்தது. "பாத்தியா? வெடிச்சுதா?" என்றார். நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதற்குத்தான் அடி விழுந்தது. துப்பாக்கியின் பிடியால் தோளில் அடித்தார்.

நிஜத்தை எழுதச் சொன்னீர்கள். பிலோமியை உங்களிடம் அனுப்பியது படிப்புக்காக மட்டும் இல்லை.

இங்கே சங்கம் வந்து லயத்தில் கொடி ஏற்றியதிலிருந்து முதலாளி வாரம் தவறாமல் ஆள் அனுப்பிக் கேட்கிறார், "கொடிக்கம்பம் இன்னும் நிக்குதா?" என்று. சூப்பர்வைசர் வேலை போய்விடும் என்ற பயம் இவருக்கு. பயம் வந்தால் இவர் கை நீளும். போன திங்கள்கிழமை கருத்தப்பாண்டியின் மடியில் பச்சை ஏலக்காய் இருந்தது என்று சொல்லி ஸ்டோர் தூணில் கட்டிவைத்து பெல்ட்டால் அடித்தார். காயை அவர் மடியில் வைத்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். முதுகுத் தோல் உரிந்துவிட்டது. மஞ்சளும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு நான் போக முடியுமா? இருதயம்மாள்தான் போனாள்.

இருதயம்மாளை உங்களுக்குத் தெரியாது. காய் பறிக்கிறவள், சந்தியாகுவின் பெண்சாதி. என் தோளுக்கும் அவள்தான் ஒத்தடம் கொடுத்தாள். "அக்கா, இந்த மனுசன் ஒருநா யாரையாவது கொன்னுபோடுவாரு" என்றாள். அந்த யாராவது நானாக இருக்குமோ என்று இருவரும் நினைத்தோம்.

மதலேன்

•

பாலக்காடு
23-9-1957

மதலேன்,

உன் கடிதத்தை மதினிக்குக்கூடக் காட்டவில்லை. பட்டறையில் அரத்தை அளவு தெரியாமல் அழுத்தி ஒரு நல்ல சாமானைக் கெடுத்துவிட்டேன்.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. நாலைந்து முறை சுட்டும் வெடிக்கவில்லை என்பதற்கு, இனியும் வெடிக்காது என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு சூட்டிலும் இரும்பு கொஞ்சம் விரிகிறது. விரிந்தது திரும்பச் சுருங்காது. சுட்ட பிறகு வெறும் தோட்டாக் கூடு லேசில் வெளியே வராமல் குச்சியால் தட்டி எடுக்கிறாரா? குழாயைப் பூட்டுகிற கொக்கி ஆடுகிறதா? அப்படியானால் சிலிண்டர் களைத்துவிட்டது. எந்தச் சூட்டில் பிளக்கும் என்று அதைச் செய்தவனாலும் சொல்ல முடியாது. பிளந்தால் துண்டு மேலேயும் பக்கவாட்டிலும் போகும். சுடுகிறவன் முகத்துக்கும் போகும், பக்கத்தில் நிற்கிறவர்கள் மேலும் போகும்.

பழைய துப்பாக்கிக்கு ஏற்ற மெதுவான தோட்டா எங்கள் கடையில் இருக்கிறது. லைசென்ஸ் விவரம் மாப்பிள்ளை பெயரில் முன்பே இங்கே பதிந்திருப்பதால் ஒரு பெட்டி எடுத்து, போடிக்குத் தேங்காய் ஏற்றி வருகிற லாரிக்காரர் குப்பண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உன் கையில்தான் கொடுப்பார். மாப்பிள்ளையிடம் கொடுத்து, பட்டாளத் தோட்டாவை வாங்கி ஓடையில் போடு. நான் பணிந்து கேட்டுக்கொண்டதாகச் சொல். என்னை என்ன திட்டினாலும் சரி.

இரண்டாவது, நீ இங்கே வந்துவிடு. சண்டை போட்டுக்கொண்டு வர வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நான் தந்தி அடிக்கிறேன், வா.

சூசையப்பன்

•

ஆனைக்கல் தோட்டம்
20-10-1957

அண்ணா,

குப்பண்ணன் வந்தார். "அம்மணி, உங்க அண்ணன் உங்க கையிலயே குடுக்கச் சொன்னாருங்க, வேற ஆருகிட்டயும் குடுக்காதன்னாருங்க" என்று துணியில் சுற்றிய பெட்டியைக் கொடுத்தார். ஒரு வாய் காப்பி குடிக்கச் சொன்னேன். என் கழுத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார்.

கழுத்தில் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம், சோற்றில் கல் இருந்தது என்று தட்டை வீசினார். நான் குனிந்து பொறுக்கினேன். தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தி, துப்பாக்கியின் வாயைத் தொண்டையில் வைத்து அழுத்தினார். அழுத்தி அழுத்தி வட்டமாகத் தோல் கிழிந்துவிட்டது. "உங்க அண்ணன் சொன்னது நெசமான்னு இப்ப பாப்பமா? வெடிச்சா எனக்கு, வெடிக்காட்டி உனக்கு" என்றார். பிறகு சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அண்ணா, அந்த நேரத்தில் நான் அது வெடிக்கட்டும் என்று தேவமாதாவை வேண்டினேன். என் தலையும் போகட்டும் என்றுதான் வேண்டினேன்.

நீங்கள் கேட்ட அடையாளமெல்லாம் இருக்கிறது. கூட்டைத் தென்னங்குச்சியால் தட்டித்தான் எடுக்கிறார். கொக்கி ஆடுகிறது. லயத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துச் சுட்டு ஜனங்களை மிரட்டுவது இப்போது வாரம் ஒருமுறை நடக்கிறது.

நீங்கள் அனுப்பிய பெட்டியை நான் அவரிடம் கொடுக்கவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கொடுக்கலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். கொடுத்தால் அந்தத் துப்பாக்கி பத்திரமாகிவிடும். பிறகு அது தவறாமல் சுடும். கருத்தப்பாண்டியைச் சுடும், என்னைச் சுடும், இவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அதற்கு நான் என் கையால் தோட்டா எடுத்துக் கொடுக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

தந்தி அடிக்க வேண்டாம். இப்போது போனால் லயத்தில் நடப்பதைப் பார்க்க ஆள் இல்லாமல் போகும்.

மதலேன்

•

பாலக்காடு
29-10-1957

மதலேன்,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. உன் கடிதம் வாசித்ததும் எனக்கும் அதுவே தோன்றியது. பிளக்கட்டும் என்று தோன்றியது. ஒரு நாள் முழுக்க அந்த நினைப்போடு வேலை செய்தேன். சாயங்காலம் பிலோமி வந்து, அப்பாவுக்குக் கிறிஸ்துமஸுக்கு மலையாளத்தில் வாழ்த்து எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.

அதனால் சொல்கிறேன். ஒன்று, அந்தப் பெட்டியை அவரிடம் கொடு. அது முடியாதென்றால் வீட்டை விட்டு இங்கே வா. வந்த பிறகு போலீசில் எழுதிக் கொடுப்போம், நான் உன்னோடு தேவிகுளம் வருகிறேன். நீ செய்துகொண்டிருப்பது இந்த இரண்டும் இல்லை. வெடிக்கப்போகிறது என்று தெரிந்து, அதைத் தடுக்கிற சாமானை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு காத்திருப்பதற்குப் பெயர் வேறு. அந்த இரும்புக்கு யார் கெட்டவர், யார் நல்லவர் என்று தெரியாது, தங்கச்சி. பக்கத்தில் நிற்பது நீயாகக்கூட இருக்கலாம்.

நானே புறப்பட்டு வந்திருப்பேன். பன்றி வேட்டைச் சீசன், கடையில் என்னைத் தவிர ஆள் இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருகிறேன். அதுவரை அந்த ஆளுக்குப் பக்கத்தில் நிற்காதே.

சூசையப்பன்

•

போடி ஆஸ்பத்திரி
28-11-1957

அண்ணா,

நடந்தது. உங்களுக்குச் செய்தி வந்திருக்கும், ஆனாலும் நான் எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை முதலாளியின் ஆள் வந்து, கருத்தப்பாண்டியை லயத்தை விட்டுக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனான். இவர் காப்பியைக்கூட முழுக்கக் குடிக்கவில்லை. மேசையில் துப்பாக்கியைப் பிரித்து வைத்துப் பட்டாளத் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டார். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். அரிசிப் பானை என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது, அண்ணா. சொல்லவில்லை. "கொக்கி ஆடுது பாரு" என்று அவரே சொல்லிக்கொண்டு, நூல்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார்.

நான் பின்னால் ஓடினேன். லயத்தில் கருத்தப்பாண்டி வீட்டுச் சட்டிபானை எல்லாம் வெளியே பறந்துகொண்டிருந்தது. கஞ்சி சேற்றில் ஓடியது. பறிப்புக்குப் போன ஜனங்கள் திரும்பி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். இவர் கொடிக்கம்பத்தைக் கோடாலியால் வெட்டச் சொன்னார். யாரும் வெட்டவில்லை. கருத்தப்பாண்டி கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "சுடுங்க சாமி, இத்தன பேரு பாக்க சுடுங்க" என்றார்.

இவர் துப்பாக்கியை நீட்டினார். இருதயம்மாள் கூட்டத்திலிருந்து வந்து இவர் கையைப் பிடித்தாள். அதட்டவில்லை, கெஞ்சினாள். "வேண்டாம்யா, ஒங்களுக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு, வேண்டாம்யா." அவளை உதறினார். அவள் விடவில்லை. நான் இருபதடி தூரத்தில் நின்றேன். "இருதயம், தள்ளிப் போ" என்று கத்தினேன். எதற்காகத் தள்ளிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? குழாய்க்கு முன்னால் நிற்கக்கூடாது என்று நினைத்து, பக்கவாட்டில் நகர்ந்து நின்றுகொண்டாள்.

சுட்ட சத்தம் முன்பு கேட்ட மாதிரி இல்லை. தகரத்தைக் கிழித்த மாதிரி இருந்தது. புகை விலகியபோது இவர் முழங்காலில் இருந்தார். வலதுகையில் பெருவிரலும் அடுத்த இரண்டும் இல்லை. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு கண்ணிலிருந்து ரத்தம் வழிந்தது. குண்டு எங்கோ மண்ணில் போய்விட்டது. கருத்தப்பாண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இருதயம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கையை எடுத்ததும் ரத்தம் பீறிட்டு என் சேலை வரை அடித்தது. சிலிண்டர் துண்டு, நகம் அளவுகூட இல்லை, கழுத்துக்குள் போய்விட்டிருக்கிறது. நான் முந்தானையைச் சுருட்டி அழுத்தினேன். என் விரல் அந்தக் காயத்துக்குள் போனது. லாரியில் ஏற்றினோம். கொண்டை ஊசி வளைவு பாதி இறங்குவதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. சந்தியாகு அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போடி வரைக்கும் பிடியை விடவில்லை.

இவர் பிழைத்துக்கொள்வார் என்கிறார் டாக்டர். கண் ஒன்று போய்விட்டது. வாசலில் போலீஸ் நிற்கிறது.

நான் நினைத்தது நடக்கவில்லை என்று உங்களுக்கு எழுத முடியாது. நான் நினைத்ததுதான் நடந்தது. அதோடு இதுவும் நடந்தது.

மதலேன்

•

பாலக்காடு
2-2-1958

அன்புத் தங்கைக்கு,

நீ இரண்டு மாதமாக எழுதவில்லை. நான் மூன்று கடிதம் போட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோதும் நீ லயத்துப் பக்கமே போய்க்கொண்டிருந்தாய், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அக்டோபரிலேயே வந்திருக்க வேண்டும். கடையைச் சாக்குச் சொல்லி நின்றுவிட்டேன். அதை நினைக்காமல் ஒரு வேளைச் சோறு இறங்குவதில்லை.

தேவிகுளம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. துப்பாக்கி ஏன் வெடித்தது என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். பழைய துப்பாக்கி, கருமருந்துக்குச் செய்தது, பட்டாளத் தோட்டாவைத் தாங்கவில்லை என்று சொல்வேன். அது உண்மை. முன்பே எச்சரித்தீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். வேறு தோட்டா அனுப்பினீர்களா என்றாலும் இல்லை. குப்பண்ணனிடம் பேசிவிட்டேன், "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுவார். நீயும் வாயைத் திறக்காதே. நீ தோட்டாவைப் போடவில்லை, சுடவில்லை. பானைக்கு அடியில் இருப்பதை ஓடையில் போட்டுவிடு.

வழக்கு முடிந்ததும் உன்னை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். பிலோமி உனக்காக ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அண்ணன்
சூசையப்பன்

•

சேசு மரி சூசை

ஆனைக்கல் தோட்டம்
11-2-1958

பாசமுள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதெல்லாம் என்மேல் உள்ள பாசத்தால் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி செய்ய முடியாது. ஏனென்றால் சந்தியாகுவிடம் நான் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைத் துணியோடு அவர் முன்னால் வைத்து, நீங்கள் எழுதியது, அனுப்பியது, நான் ஒளித்து வைத்தது, அன்று காலையில் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி அவர் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டித் துணியை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு, "இத சொல்லாம இருந்திருந்தீகன்னா நான் ஒங்க புருசன மட்டும் வெறுத்துக்கிட்டு இருந்திருப்பேன். இப்ப என்ன செய்யச் சொல்லுதீக?" என்று கேட்டார். "கோர்ட்டுல சொல்லுவீகளா?" என்றார். சொல்வேன் என்றேன். "அப்பச் சொல்லுங்க. இப்பப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜாமீனில் வீட்டுக்கு வந்திருக்கிற உங்கள் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். இருக்கிற ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கட்டுப்போட்ட கையைத் தூக்கினார், பிறகு கீழே போட்டுவிட்டார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது.

முன்பே எச்சரிக்கவில்லை என்று நீங்கள் கோர்ட்டில் சொன்னால், ஒரு பழைய துப்பாக்கி வெடித்து ஒரு கூலிக்காரி செத்தாள் என்று எழுதி முடித்துவிடுவார்கள். அவளைக் கொன்றதில் இவர் பங்கு எவ்வளவு, அந்த முதலாளி பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்கட்டும். நான் செய்ததற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. வக்கீலும் தெரியாது என்கிறார். நீங்கள் எனக்கு எழுதியபோது அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எழுதினீர்கள். எந்தப் பெயர் என்று மட்டும் எழுதவில்லை. அதை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் கேட்கிறதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லுங்கள். குப்பண்ணனையும் பொய் சொல்ல வைக்காதீர்கள். அவர் நல்ல மனிதர்.

பிலோமியைத் தேவிகுளத்துக்கு அழைத்து வர வேண்டாம். என்ன நடந்தது என்று கேட்டால் மதினி சொல்லட்டும். கொஞ்சமும் குறைக்காமல் சொல்லட்டும். தலையணை உறையை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

மலையில் இன்னும் குளிர் விடவில்லை, கம்பளி எடுத்து வாருங்கள். போடியிலிருந்து மேலே வருகிற முதல் பஸ்ஸில் வந்தால் கோர்ட் கூடுவதற்குள் வந்துவிடலாம். சந்தியாகு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். நான் அவருக்குப் பின்னால் இருப்பேன். என்னைப் பார்த்ததும் பேச வராதீர்கள். நேராகப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். சொல்லி இறங்கிய பிறகு, உங்களுக்கு மனம் இருந்தால், என்னிடம் வாருங்கள்.

இப்படிக்கு
மதலேனம்மாள்